ஜயஸ்ரீயின் எடைக்கு ஒரு ஸ்பிரிங்

சனிக்கிழமை காலைகளில் கோஸ் நறுக்குவது கிச்சா. கல்யாணமான புதிதில் ஜயஸ்ரீ நறுக்கியதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "இது கறியமுதுக்கா, மாட்டுக்கா?" என்று கேட்டுவிட்டான். "நீங்களே பொடியா நறுக்கிக் காட்டுங்கோ" என்று அரிவாள்மனையை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். இருபது வருஷமாக அது திரும்பி வரவில்லை. வாயைக் கொடுத்து அவன் வாங்கிக்கொண்ட வீட்டு வேலைகள் இப்படி இன்னும் நாலைந்து உண்டு.

இன்று அவன் கூடத்தில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருக்க, எதிரே சோபா இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிளின் அடியில் மல்லாந்து கிடந்தாள் ஜயஸ்ரீ. மண்ணிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்த உயரமான வண்டி. ஸ்டாண்டில் ஏற்றியிருந்ததால் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கியது.

"பர்த்டேக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. இப்பவே ஆரம்பிச்சுட்டியா?" என்றான் கிச்சா, சந்தோஷத்தை மறைக்க முடியாமல்.

அங்கேதான் சிக்கல். செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. பிரித்தது கிச்சா. உள்ளே ஒரு ஸ்பிரிங், அவனுடைய வண்டிக்கானது. அடுத்த வாரம் அவனுடைய பிறந்தநாள். கூட்டிக் கழித்துப் பார்த்து, "எனக்கா?" என்று உருகிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சட்டை, பிரஷர் மாத்திரை, முதுகுக்குத் தலையணை என்று அந்த வீட்டுக்கு எது வந்தாலும் அவனுக்குத்தான் வரும். "இல்லை" என்று சொல்ல ஜயஸ்ரீ வாயைத் திறந்தபோது கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பஸ்ஸைப் பிடித்தாள். அந்த "இல்லை" இன்னும் தொண்டையிலேயே இருந்தது.

ஜயஸ்ரீக்கு நாற்பத்து நாலு வயது. தண்டலத்தில் பி.காம். படித்துவிட்டு, ஒரகடத்தில் ஷாக் அப்சார்பர் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறாள். அழுத்திப் பார்ப்பது, ஒழுகுகிறதா என்று பார்ப்பது, ஓகே முத்திரை போடுவது. இத்தனை வருஷத்தில் ஊரில் பாதி வண்டிகளுக்கு அவள் கை பட்டிருக்கும். அவளுடைய ஸ்கூட்டி ஏறிய பெரிய மேடு தெருமுனை வேகத்தடை.

வண்டியை வாங்கியது கிச்சாதான். காலேஜ் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஐம்பது நெருங்கியதும் கால் தரையில் நிற்கவில்லை. முதல் சவாரியில் பின்பக்கம் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது என்று தன் எடைக்குக் கெட்டியான ஸ்பிரிங்காகப் போட்டு, இறுக்கி முறுக்கிக்கொண்டான். மொத்தம் மூன்று முறை ஓட்டினான். மூன்றாம் முறை கவசமெல்லாம் மாட்டி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். அத்துடன் வண்டிக்கும் அவனுக்கும் இருந்த உறவு முடிந்தது. போட்டோ மட்டும் இன்னும் இருக்கிறது.

வண்டி துருப்பிடிக்கக் கூடாதே என்று ஸ்டார்ட் பண்ண ஆரம்பித்தவள் ஜயஸ்ரீ. அப்புறம் தெருவைச் சுற்றினாள். அப்புறம் கூட வேலை செய்கிற மாடத்தி அவளை வடக்குப்பட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். பிளாட் போட்டு விலைபோகாமல் கிடக்கிற ஒரு பெரிய பொட்டல். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி லைனில் வேலை செய்கிற பையன்களும் பெண்களும் எல்லைக் கற்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டுவார்கள். கடைசியில் ரோடு போடத் தோண்டிய மண்ணைக் கொட்டிய ஒரு மேடு. மற்றவர்கள் ஏறி அந்தப்பக்கம் இறங்குவார்கள். ஜயஸ்ரீ ஏறி இந்தப்பக்கமே விழுவாள்.

"வண்டி ஒங்கள ஏத்துக்கிட மாட்டேங்கு, யக்கா" என்றாள் மாடத்தி, அவளைத் தூக்கி விட்டுக்கொண்டே. "அண்ணாச்சி கனத்துக்கு முறுக்கி வச்சிருக்கு. ஒங்களுக்கு ஸ்பிரிங்க மாத்துங்க. இல்லன்னா ஒரு மூட்டை அரிசியப் பொறத்த கெட்டிக்கிட்டு வாங்க."

ஜயஸ்ரீக்கும் இது தெரியும். கெட்டி ஸ்பிரிங்மேல் லேசான ஆள் உட்கார்ந்தால் அது இறங்காது. மேட்டில் ஆட்டுக்கிடா மாதிரி முட்டித் தள்ளும். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றினால் கிச்சா அதில் உட்கார முடியாது. அது ஒருத்தர் எடைக்குத்தான். அப்படியானால் வண்டி யாருடையது என்ற பேச்சு வரும். நாளை ஞாயிறு, பெண்களுக்கென்று ஒரு சுற்று. அந்த மேட்டை ஒரு தடவையாவது தாண்ட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

பின்சக்கரத்தின் மேல் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி ஷாக் அப்சார்பரை உருவினாள். தெருமுனை மெக்கானிக் பெருமாள்சாமி கடையிலிருந்து இரவல் வாங்கிய ஸ்பிரிங் அமுக்கியைப் போட்டு, கெட்டி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகினாள்.

"கனமே இல்லையே. புது டெக்னாலஜியா?" என்றான் கிச்சா.

"ம்" என்றாள். சொல்லியிருக்க வேண்டியது அது இல்லை.

ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் வேதாந்தம், "கோவில் கோஷ்டியில பக்கத்துல நிக்கறவன் என்னை மோந்து பாக்கறான்" என்றார். "ஆத்துல நெய் வாசனை போய் கிரீஸ் வாசனை வந்தாச்சு."

"அப்பா, பேசினது போறும். இந்த டேப்பைப் பிடிங்கோ" என்றாள். ஷாக் அப்சார்பரைத் திரும்ப மாட்டி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கியாகிவிட்டது. ஆள் ஏறினால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். ஒருத்தர் உட்கார, ஒருத்தர் வண்டியைப் பிடிக்க, ஒருத்தர் அளக்க என்று மூன்று பேர் தேவை. வீட்டில் இருந்ததே மூன்று பேர்.

"இரு, முழு கியரோட உக்காந்தாத்தான் கணக்கு" என்று உள்ளே ஓடினான் கிச்சா. வந்தபோது தலையில் ஹெல்மெட், பனியன்மேல் மார்புக்கவசம், காலில் முழங்கால்வரை பூட்ஸ். நடுவில் வேஷ்டி. பேன்ட் பொத்தான் போட ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் ஏறினான். ஜயஸ்ரீ ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டுக்கொண்டே இறங்கி அடிமட்டத்தில் போய் நின்றது.

"டேய் கிச்சா, வண்டி சேவிக்கறதுடா" என்றார் வேதாந்தம்.

"டைட் பண்ணு ஜயஸ்ரீ. இன்னும் முறுக்கணும்."

"எவ்வளவு முறுக்கினாலும் ஆகாது. இது உங்க எடைக்கு இல்லை."

"தப்பா அனுப்பிட்டானா? எனக்கு அப்பவே தெரியும், கனமே இல்லை. திருப்பி அனுப்பிடு."

எவ்வளவு சுலபமான வழி. "ஆமாம், தப்பா வந்துடுத்து" என்றால் போதும். திருப்பி அனுப்பலாம், கோஸ் கறியமுது சாப்பிடலாம், நாளைக்கு மறுபடியும் இந்தப்பக்கமே விழலாம்.

"தப்பா அனுப்பலை" என்றாள். "என் எடையைச் சொல்லித்தான் வாங்கினேன். எனக்கு."

கிச்சா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்த்தான். "எனக்குன்னா?"

"எனக்குன்னா எனக்கு. இறங்குங்கோ."

இறங்கினான். அவள் தன்னுடைய பூட்ஸை மாட்டி ஏறினாள். கால் தரைக்கு எட்டவில்லை. யாராவது பிடித்தாக வேண்டும், கிச்சாதான் பிடித்தான். முகம் எங்கேயோ திரும்பியிருந்தாலும் பிடி விடவில்லை. வேதாந்தம் குனிந்து அளந்தார்.

"மூணரை இஞ்ச் இறங்கறது."

அவள் இறங்கி, ஸ்பிரிங்கை முறுக்குகிற வளையத்தைச் சில சுற்று தளர்த்தி, மறுபடியும் ஏறினாள்.

"இப்போ நாலு. ஜம்முனு ஒக்கார்றதுடா கிச்சா. இவளுக்கே தெச்சா மாதிரி."

"உங்களை யாரு கேட்டா?" என்றான் கிச்சா. பிறகு அவளிடம், "நடுவுல ஒரு செட்டிங் வெச்சா? ரெண்டு பேருக்கும் பொதுவா?"

"ரெண்டு பேரும் விழுவோம்."

"ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான். ஸ்பிரிங்கை மாத்தி மாத்திப் போட்டுண்டா என்ன?"

"மாத்திப் போடறது யாரு?"

கிச்சா ஒரு கையால் ஹெல்மெட் பட்டையை அவிழ்த்தான்.

"கடைசியா எப்போ ஓட்டினேள்?" என்றாள்.

"போட்டோ எடுத்தோமே, அன்னிக்கு."

"அது போன ஆடியா?" என்றார் வேதாந்தம்.

"முந்தின ஆடி" என்றான் கிச்சா, பொய் சொல்லத் தெரியாதவனாக.

ஜயஸ்ரீ கீழே இறங்கி, பூட்டு வளையத்தை இறுக்கினாள். அது நகராது என்று தெரிந்தபிறகும் ஒரு தட்டு தட்டினாள். பழைய ஸ்பிரிங்கைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். பூட்ஸும் வேஷ்டியுமாக அதை வாங்கிக்கொண்டு நின்றான். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"சரி, நாளைக்கு நீ போ. நான் தடுக்கலை" என்றான். "ஆனா அங்கே யாராவது இது யாரோட வண்டின்னு கேட்டா, என்ன சொல்லுவே?"

கை முழுக்கக் கிரீஸ். முழங்கையால் பின்கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, ஜயஸ்ரீ கொல்லைக் குழாய்ப் பக்கம் போனாள்.