ரத்தினபாய் டீச்சரின் வேன் குடித்தனம்

எழுபத்தாறாம் வருஷம் மே மாதக் கடைசியிலிருந்து நாலு மாதம் ரத்தினபாய் டீச்சர் ஒரு வேனில் குடியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இது தெரியாது, சபையில் தெரியாது. "மாடம்பாக்கத்துல வீடு கட்டிக்கிட்டிருக்கோம்" என்று அவள் சொல்லியிருந்தாள். அது உண்மைதான். கட்டி முடிகிற வரைக்கும் எங்கே படுக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது.

காலையில் கண் விழிக்கிற நேரம்தான் ரொம்பக் கஷ்டம். கை தானாகச் சுவரில் விளக்கு சுவிட்சைத் தேடும். கையில் தகரம் தட்டுப்படும். இது எந்த ஊர், எந்தத் தெரு, நேற்று எங்கே நிறுத்தினோம் என்பது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். தலைமாடு மேடாக இருக்க வேண்டும் என்று அவள் கணவர் சத்தியநாதன் இடத்துக்கு ஏற்றபடி வண்டியைத் திருப்பி நிறுத்துவார். அதனால் எழுந்திருக்கிற பக்கம் தினமும் மாறும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஸ்டவ் வைத்த பலகையில் இடித்துக்கொள்வாள். மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் ஒரு வியாழக்கிழமை செவ்வாய் என்று எழுதினாள். பிள்ளைகள் சொல்லித் திருத்தினாள். இருபத்துமூன்று வருஷ வேலையில் அதுவே முதல் தடவை.

நாசரேத் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் டீச்சர் டிரெயினிங் படிக்க வந்தவள். தாம்பரத்திலேயே வேலை கிடைத்தது. கல்யாணமும் தாம்பரத்திலேயே. சத்தியநாதன் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் டிரைவர். கிராமம் கிராமமாகப் போய் மருந்து கொடுக்கிற வேனை அவர்தான் ஓட்டினார். வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குக் கப்பலேறியதும் கிராம வேலை நின்றுபோனது. வண்டி பழைய இரும்பு விலைக்கு அவர் தலையில் விழுந்தது. வெள்ளை வண்டி, இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் சிவப்புச் சிலுவை. அதன்மேல் அவரே வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். பகலில் அரிசி மூட்டை, கல்யாணப் பாத்திரம் என்று வாடகைக்கு ஓட்டினார்.

வாடகை வீட்டுக்காரர் மகனுக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, "பத்தே நாள் ரத்தினம். கூரை போட்டதும் போயிடலாம்" என்றார் சத்தியநாதன். கூரைக்குச் சிமெண்ட் வேண்டும். சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். பர்மிட் அடுத்த வாரம் வரும் என்றார்கள். எல்லா வாரமும் அதற்கு ஓர் அடுத்த வாரம் இருந்தது. கட்டுகிற மனையிலேயே வண்டியை நிறுத்தலாம் என்றால், லேஅவுட் படத்தில் முப்பதடி ரோடு போட்டிருந்த இடத்தில் நேரில் வரப்புதான் இருந்தது. வேறு வீடு பார்க்கப் போனால், "கறி சமைப்பீங்களா?" என்ற கேள்வி வரும். சத்தியநாதன் பொய் சொல்ல மாட்டார். "ஞாயித்துக்கிழமை மட்டும் சார்" என்பார். கதவு சாத்திக்கொள்ளும்.

ராத்திரி நிறுத்துகிற இடத்துக்கு அவர் சில கணக்குகள் வைத்திருந்தார். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். புளியமரம் ஆகாது. ஒரே இடத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் கூடாது, ஆட்கள் முகம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியின் மதில் ஓரம் ஆகிவந்த இடம். நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள் என்று நினைத்து யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். ஒரு தடவை ஒருத்தி வந்து, "உங்க வூட்டுக்காரருக்கு எத்தினி நாளா இருமல்?" என்று விசாரித்து ஒரு ஆரஞ்சுப் பழமும் கொடுத்துவிட்டுப் போனாள். ரத்தினபாய்க்கு வாங்கிக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்று புரியவில்லை. வாங்கிக்கொண்டாள்.

பல்லாவரத்தில் ஒரு வியாழக்கிழமை நிறுத்தியதுதான் பெரிய கூத்து. மறுநாள் சந்தை என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை. விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் கடை. வண்டியை அசைக்க வழியில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை ரத்தினபாய் படியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஓர் அம்மாள் அவளுடைய பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா வெலை சொல்ற?"

"இது விக்கிறதுக்கு இல்லைங்க. எங்க குடம்."

"எல்லார் கொடமும் அவங்கவுங்க கொடம்தான். வெலையச் சொல்லு."

அன்றைக்கு ரத்தினபாய் சந்தைக்குள்ளிருந்தே பள்ளிக்கூடம் போனாள். புடவையில் கருவாட்டு வாசனை சாயங்காலம் வரை போகவில்லை.

இதையெல்லாம் ஒரு மாதிரி சமாளித்துவிட்டாள். சமாளிக்க முடியாதது செப்டம்பர் முதல் வாரத்தில் பள்ளிக்கூட விலாசத்துக்குத் தபாலில் வந்தது. சம்பந்தியம்மாள் புஷ்பம் செங்கல்பட்டிலிருந்து எழுதியிருந்தாள். பியூலாவுக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. வழக்கப்படி நீங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து பெண்ணை அழைத்துப் போகலாம். சனிக்கிழமை நல்லது. நானும் கூட வந்து, பிள்ளை எந்த அறையில் படுக்கப் போகிறாள் என்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், சங்கடப்பட ஒன்றுமில்லை.

பியூலா அவர்களுடைய ஒரே மகள். போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போயிற்று. செங்கல்பட்டு வீட்டில் கிணறு பின்கட்டில் தாழ்வாக இருந்தது. ஒன்பது படி. தண்ணீர் தூக்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. தூக்காதே என்றும் யாரும் சொல்லவில்லை. இந்தத் தடவை பெண் தன் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பதைத் தவிர ரத்தினபாய்க்கு வேறு ஜெபமே இல்லை. கண் முன்னால் என்றால் எங்கே என்பதுதான் விளங்கவில்லை.

"ஒரு ரூம் பார்த்துடலாம்" என்றார் சத்தியநாதன். "பெரும்பாக்கத்துல ஏரிக்கரை ஓரமா காத்தோட்டமான இடம். மருந்து கொடுக்கப் போன நாள்லேயே பார்த்து வெச்சேன். ரெண்டு நாள் அங்கேயே நிறுத்திக் கேட்டுப் பார்ப்போம்."

புதன்கிழமை சாயங்காலம் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஊர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னவோ போலிருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் ரத்தினபாயைக் கண்டதும் பாதிக் குடத்தோடு நடையைக் கட்டினார்கள். சிரித்துப் பார்த்தாள். பதில் சிரிப்பு இல்லை. சத்தியநாதன், வீட்டுச் சொந்தக்காரர் பெயர்களை எழுதிக்கொள்ள நோட்டும் பென்சிலுமாகப் போய், மாடு ஓட்டி வந்த ஒருவரை நிறுத்தினார்.

"அண்ணே, உங்க பேர் என்ன? ரெண்டே நிமிஷம்தான். ஒண்ணும் கஷ்டமில்லே."

அந்த ஆள் மாட்டை விட்டுவிட்டு வரப்பில் ஓடினார்.

சத்தியநாதன் திரும்பி வந்து நோட்டைப் பெட்டியில் போட்டார். "என்ன ஊர் இது, புரியலையே" என்றார். மறுநாள் சாயங்காலம் ஊரில் ஓர் ஆண்பிள்ளையைக் கூடக் காணோம். நாம் கறி சமைக்கிறது தெரிந்துவிட்டதா, வேதக்காரர்கள் என்பதாலா, இல்லை நேற்று வண்டியோரம் நான் துவைத்த தண்ணீர் யாருடைய வாசலுக்காவது ஓடிவிட்டதா என்று ரத்தினபாய் ஒவ்வொன்றாக யோசித்தாள். எதுவும் பொருந்தவில்லை. வெள்ளிக்கிழமை மழை பெய்தது. அறை கிடைக்கவில்லை.

சனிக்கிழமை விடிவதற்குள் ஒரே ஸ்டவ்வில் புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் ஆயின. தூக்குகளில் கட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனார்கள். மருமகன் சுந்தர்சிங் ஆபீசுக்குப் போயிருந்தான். சாப்பாடு, ஜெபம், பூ வைத்தல் எல்லாம் முறையாக நடந்தன. திரும்பும்போது புஷ்பம் ஒரு தகர டப்பாவும் துணிப்பையுமாக வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

"வீட்டுல எத்தனை அறை, டீச்சர்?"

"ரெண்டுங்க."

"ஃபேன் இருக்குதா?"

"இனிமேதான் போடணும்."

"காத்து வருமா?"

"நல்லா வரும்" என்றாள் ரத்தினபாய். கூரையே இல்லாத வீட்டில் காற்றுக்கு என்ன தடை. எதற்கும் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

பியூலா சீட்டுக்கடியிலிருந்த சோப்புப் பெட்டியைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் செருகியிருந்த சீப்பைப் பார்த்தாள். அம்மாவின் காதோரம் குனிந்து, "அம்மா, இதுலயாம்மா இருக்கீங்க?" என்றாள்.

"சும்மா இருடி."

தாம்பரம் தாண்டி சேலையூர் கேம்ப் ரோடு முனையில் சத்தியநாதன் வண்டியை ஓரங்கட்டினார். வலப்பக்கம் போனால் மாடம்பாக்கம், நாலு சுவரும் ஆகாயமும். நேரே போனால் பெரும்பாக்கம், அங்கே அறையே கிடைக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "ரத்தினம், வலதா நேரேயா?" என்றார்.

ரத்தினபாய் மகளைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"என்ன டீச்சர், சொந்த வீட்டுக்கு வழி தெரியலையா?" என்றாள் புஷ்பம்.

பஸ்காரன் விடுவதாயில்லை. சத்தியநாதன் நேரே விட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று பிற்பாடு கேட்டபோது, நேரே போவதற்கு ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டியதில்லை என்றார்.

பெரும்பாக்கத்தில் வண்டி நின்றதும் வழக்கம்போல் கதவுகள் சாத்திக்கொண்டன. வேப்பமரத்தடியில் சாணி தட்டிக்கொண்டிருந்த முனியம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. அறுபது வயதுக்காரி. எனக்கென்ன பயம் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பியூலா ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி படியில் மெல்ல இறங்கினாள். முனியம்மா கையைக் கழுவிக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள்.

"எத்தினி மாசம்?"

"ஏழு."

"ஆரு பொண்ணு நீ?"

"என் பொண்ணுங்க" என்றாள் ரத்தினபாய்.

முனியம்மா வயிற்றையும் பார்த்தாள், வண்டியையும் பார்த்தாள். முந்தின நாள் மழையில் வெள்ளைப் பெயிண்ட் கரைந்து இரண்டு பக்கமும் சிவப்பு தெரிந்தது. "அப்ப நீங்க கட்டுப்பாட்டு வண்டி இல்லியா?"

"எந்தக் கட்டுப்பாடு?"

"கொயந்த பொறக்காம ஆபரேசன் பண்ற வண்டிதான், வேற இன்னா. ஆளப் புடிச்சி ஏத்திகினு போவுதுன்னு பேச்சு கீது. உங்க வூட்டுக்காரரு நோட்டு எடுத்துகினு வந்து பேரு கேட்டாரு, ரெண்டே நிமிசம், கஷ்டமில்லேன்னாரு. அன்னிலேருந்து எங்க ஊரு ஆம்பளைங்க சவுக்குத் தோப்புல படுத்துகினு கீறானுங்க. கொசு புடுங்கி ஒருத்தன் மூஞ்சி அடையாளம் தெரியல." தோப்புப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "டேய் ராசகோபாலு, வாங்கடா வெளிய. புள்ளத்தாச்சி வந்த வண்டிடா இது."

தோப்பிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். வரப்பில் ஓடியவரும் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. சத்தியநாதன் அவரைப் பார்த்து, "நான் ரூம் கேக்கத்தாங்க வந்தேன்" என்றார்.

"ரூமா? இத்தினி நாளா வண்டிலயா படுத்துகினு கீறீங்க, வூடு இல்லாம?" என்றாள் முனியம்மா, ஊருக்கே கேட்கிற மாதிரி.

ரத்தினபாய் தலை நிமிரவில்லை. புஷ்பம் படியிலேயே நின்றிருந்தாள்.

"சின்னவன் கண்ணாலத்துக்குக் கட்ன ரூமு ஒண்ணு கீது" என்று முனியம்மாவே மேலே பேசினாள். "அவன் ராணுவத்துக்குப் போய்ட்டான். தவுடு கொட்டி வெச்சிகீறேன், அள்ளிட்றேன். வந்து பாருங்க."

புஷ்பம்தான் முதலில் போனாள். தாழ்ப்பாளை ஆட்டினாள். சுவரைத் தட்டினாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். கிணறு எத்தனை அடி தூரம் என்று நடந்தே அளந்து வந்தாள். பிறகு ரத்தினபாயைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எவ்வளவு நாளா டீச்சர்?"

"இது நாலாவது மாசம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அனுப்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

அறைக்குள் முனியம்மா தவிடு அள்ளுகிற சத்தம் கேட்டது.

"பிள்ளை இங்கேயே இருக்கட்டும்" என்றாள் புஷ்பம். "அறை நல்லாத்தான் இருக்கு. ஆனா பகல்ல நீங்க ஸ்கூலுக்குப் போயிடுவீங்க. தண்ணி யாரு தூக்குறது? போன தடவையே..." என்று ஆரம்பித்தவள் தகர டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "நானும் இருக்கேன். சுந்தருக்குக் கடுதாசி போட்டுடறேன்."

அறையில் இரண்டு பேர்தான் தாராளமாகப் படுக்கலாம். பியூலாவும் புஷ்பமும் படுத்தார்கள். சத்தியநாதன் பத்தடி தள்ளி மேடு பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்தினார். எட்டு மணிக்கெல்லாம் அவர் குறட்டை விட ஆரம்பித்தார்.

ரத்தினபாய் வண்டிக்குள் மல்லாந்து கிடந்தாள். பெண் வந்துவிட்டாள். அவள் தலைக்குமேல் கூரை, தூக்க வேண்டிய குடம் இல்லை. கேட்டது அவ்வளவும் கிடைத்துவிட்டது. ஆனால் தாய் வீட்டுக்கு வந்த பெண் மாமியாரோடு உள்ளே, தாய் வெளியே. இதைத் தாய் வீட்டுப் பிரசவம் என்பதா? சபையில் கேட்டால் என்னவென்று சொல்வது? எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் ஒரு முனை இடித்தது.

எழுந்து போய்க் கதவை லேசாகத் தட்டினாள். புஷ்பம் திறந்தாள்.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்லே. தூங்கிட்டாளான்னு..."

"இப்பத்தான் கண்ணசந்தா. கால் வீக்கம் கொஞ்சம் இருக்கு, எண்ணெய் தேய்ச்சிருக்கேன். நீங்க போய்ப் படுங்க, ஏதாச்சும்னா கூப்பிடறேன்."

கதவு சாத்திக்கொண்டது, தாழ் விழுந்தது. ரத்தினபாய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வண்டிக்கே போய்ப் படுத்தாள். வேறு எங்கே போவது.