தொட்டிக்குள் இறங்கச் சொன்னவன்

ஹனீபா தன்னிச்சையாகத் தொட்டிக்குள் இறங்கவில்லை. நான்தான் இறங்கச் சொன்னேன்.

இதை விசாரணையில் நான் சொல்லவில்லை. அவன் மனைவியிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக அல்ல.

எழுபதுகளின் கடைசியில், கொழும்புக்கு அருகே ஒரு பெரிய வைன் தொழிற்சாலையின் நிலவறைகள் முழுவதும் என் பொறுப்பில் இருந்தன. பழச்சாறு புளிக்கும் ஆழமான தொட்டிகள், வைன் முதிரும் பீப்பாய்கள், அவற்றைக் கழுவி நிரப்பும் ஆட்கள்... எல்லாமே.

எங்கள் ஊரான கல்முனையில் என் வாப்பாவுக்கோ அது ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரித் தொழிற்சாலை. இரசாயனம் படித்த மகன் வினாகிரி செய்கிறான் என்று கடைத்தெருவில் பெருமையாகச் சொல்வார். மது எங்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டது; நான் திருத்தியதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் பாலமுனையில் தொழிலின்றி இருந்த ஹனீபாவைத் தொட்டி கழுவும் வேலைக்கு நானே அழைத்துச் சென்றேன். அவனுக்கு நான் காக்கா, மூத்த அண்ணன் மாதிரி. "வாயில வைக்காட்டிச் சரிதானே காக்கா?" என்று ஒருமுறை கேட்டான். "ஓம்" என்றேன். ஐவேளையும் தொழுகிற நானே அங்கு தலைமையில் இருந்தது அவனுக்குப் போதுமாயிற்று.

புளித்த சாற்றை வெளியேற்றிய பின்பும் தொட்டியின் அடியில் காற்றைவிடக் கனமான வாயு தங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. விளக்கொன்றை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் மட்டுமே ஆள் இறங்கலாம். நான் வகுத்த விதிதான் அது.

அன்று புதிய சாறு வந்து காத்திருந்தது. தொட்டியோ முந்தைய நாளிலிருந்தே திறந்து கிடந்தது. விளக்கு எதற்கு என்று எண்ணிவிட்டேன். அவசரமா, அகந்தையா... இன்றும் பிரித்தறிய முடியவில்லை.

"இறங்கட்டா காக்கா?"

"ஓம், இறங்கு."

நான் அடுத்த தொட்டியைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் அடியில் கவிழ்ந்து கிடந்தான். கயிற்றுக் கொக்கியால் தூக்கினோம். மூச்சில்லை.

விசாரணையில், "கேட்காமல் இறங்கிவிட்டான்" என்றேன். மறுத்துச் சொல்ல அவன் இல்லை.

ஹனீபாவின் ஜனாஸாவோடு பாலமுனைக்கு வந்தேன். அடக்கம் முடிந்தபின், கதவுக்குப் பின்னால் நின்று அவன் மனைவி கேட்டாள்.

"காக்கா, மௌத்தாகக்குள்ள நீங்க பக்கத்துல நிண்டீங்களா? கலிமா சொன்னாரா?"

"ஓம் தங்கச்சி, சொன்னான்."

கடைசி மூச்சில் கலிமா என்னும் ஈமான் வாக்கியத்தைச் சொல்லிப் போனவருக்குச் சுவனம் என்பது எங்கள் நம்பிக்கை. கதவுக்குப் பின்னால் அழுகை மெல்ல அடங்கியது.

அவள் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான் எழுந்து நின்றாள், பிள்ளைகளை வளர்த்தாள். நான் வேலையை விட்டுவிட்டுக் கல்முனையில் துணிக்கடை வைத்தேன். எண்பதுகளின் நடுவில், மூத்த மகளின் கல்யாணத்துக்குச் சொல்ல அவள் கடைக்கு வந்தாள். அன்று உண்மையைச் சொல்லிவிடத் துணிந்தேன்.

"தங்கச்சி, அண்டைக்கு நடந்தது..."

"அதக் கதைக்காதீங்க காக்கா. கலிமாவோட போனாரு எண்டு நீங்க சொன்னீங்களே, அதாலதான் நான் நித்திர கொள்றன்."

வாயை மூடிக்கொண்டேன். அவளுக்காகத்தான் மூடினேன் என்று எனக்கு நானே சொல்லிவருகிறேன். உங்களால் அதை நம்ப முடிகிறதா? என்னால் முடியவில்லை.

புறப்படும்போது அவள் கையேந்தி துஆச் செய்தாள். முதலில் கணவனுக்காக. பிறகு எனக்காக...

நான் "ஆமீன்" என்றேன்.