அண்ணன் முழங்கால் போட்டானா

மஞ்சள் காமாலை முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் தன்னை அறியாமல் நிறையப் பேசினான். பெரும்பாலும் தறிப் பேச்சுதான். நூல் அறுந்துபோச்சு, மோட்டாரை நிப்பாட்டு என்பான். ஆனால் ஒரு தடவை மட்டும், எதிரே ஆள் நிற்பதுபோலத் தெளிவாகச் சொன்னான்.

"படியேறி உள்ள போயி முழங்கால் போடணும்லே. அப்பத்தான் அந்தம்மா குடுக்கும்."

அம்மா அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "எந்தம்மாய்யா? என்ன குடுக்கும்?" என்று குனிந்து கேட்டாள். அதற்குப் பிறகு அவன் விளங்கும்படி எதுவும் பேசவில்லை. பேசாமலேயே போய்விட்டான்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் பத்துப் பதினைந்து வீடு அப்படி. எந்த உருவத்துக்கு முன்னாலும் முழங்கால் போடக் கூடாது என்று நடக்கப் பழகும்போதே சொல்லி வளர்ப்பார்கள். பக்கத்து வீட்டில் பொங்கல் கொடுத்தால்கூட, "படையலுக்கு முந்தி எடுத்ததா, பிந்தி எடுத்ததா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா கையை நீட்டுவாள். அவர்களும் கோபப்படாமல், "ஒனக்குன்னு முந்தியே எடுத்து வச்சிட்டேன், வாங்கு" என்பார்கள்.

அப்படிப்பட்ட அம்மாவின் காதில் அந்த வார்த்தை விழுந்துவிட்டது. எல்லாரும் அழுதார்கள், அவளும் அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவில் அவள் வேறு எதையோ யோசிப்பது எனக்குத் தெரிந்தது. காமாலைக்கு மந்திரிக்கிறவள் எவளிடமாவது போனானா? போய் அவள் வைத்திருக்கும் சாமி முன்னால் விழுந்தானா? இல்லை, எவளாவது பெண்ணா? துஷ்டி கேட்க வந்த ஒவ்வொருவர் முகத்தையும் அவள் துருவிப் பார்த்தாள். அப்பா நான் கைப்பிள்ளையாக இருக்கும்போதே இறந்தவர். வீட்டில் மிச்சம் நானும் அவளும்தான். அதனால் என்னையும் துருவினாள்.

கல்லறை கட்டுகிற கொத்தனார் வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். "பேரு, பொறந்தது, எறந்தது. அதுக்கு மேல வழக்கமா போடுறதுதான?" என்றார். வழக்கமாகப் போடுவது 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற வரி. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அந்த வரி இல்லாத கல்லே கிடையாது. குடித்துக் குடித்துச் செத்த எங்கள் சித்தப்பாவுக்குக்கூட உண்டு.

"அது மட்டும் இப்பம் வேண்டாம்" என்றாள் அம்மா.

"ஏன்த்தா?"

"தெரியாம எழுதக் கூடாது."

"இதுல தெரியாம என்ன இருக்கு?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சனிக்கிழம சிமெண்டு கொழைக்கேன். ஈரத்துலதான் எழுத்து விழும். காஞ்ச பெறகு வந்து கேட்டா என்னால ஏலாது, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் அருப்புக்கோட்டையில் தறி ஓட்டினான். அதே கொட்டகையில் நான் தார் சுற்றினேன், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் அது. எட்டாவதோடு நின்றவளுக்கு வேறு என்ன வேலை? அண்ணனுக்குப் பக்கத்துத் தறி ஓட்டிய சேக்காளி ஒருத்தர் இருந்தார், எம்.ரெட்டியபட்டிக்காரர். மறுபடி வேலைக்குப் போன முதல் நாளே, சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பிடித்துக் கேட்டேன். அண்ணன் எந்த அம்மாவிடம் போனான்? எங்கே படி ஏறினான்?

அவர் முதலில் முழித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பு என்று தோன்றியதோ என்னவோ, உடனே முகத்தைத் துண்டால் துடைத்தார். "அட, அது வீடியோ கேமு தங்கச்சி. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கட இருக்குல்ல, அங்க ஒரு கேசட்டு. அதுல கோயில் வரும். உள்ள ஒரு அம்மா ஒக்காந்துருக்கும்."

"அது முன்னால முழங்கால் போடணுமா?"

"ஒங்கண்ணன் போடல" என்றார்.

கேட்டு வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டார். யோசிக்கவே இல்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. போடணுமா என்றுதான் நான் கேட்டேன். போட்டானா என்று கேட்கவில்லையே.

மறுநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் அந்தக் கடைக்குப் போனேன். சினிமா கேசட் வாடகைக்கு விடுகிற கடையின் பின்புறம் ஒரு அறை. மூன்று டிவி, முன்னால் பிளாஸ்டிக் வயர் நாற்காலி, சன்னலுக்கு அட்டை அடித்து இருட்டாக்கியிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த அறைக்குள் பாவாடை தாவணி வந்ததே இல்லை போலிருக்கிறது.

"யாரம்மா வேணும்? தம்பியத் தேடி வந்தியா?" என்றார் கடைக்காரர்.

அண்ணன் பெயரைச் சொன்னேன். அவர் எழுந்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"காமால வந்துதான எறந்தாப்ல? இங்க தண்ணி குடிச்சு வந்ததில்லம்மா அது. கொதிக்க வச்சுத்தான் ஊத்துறோம்."

தண்ணீரைப் பற்றி நான் கேட்கவேயில்லை. மூலையில் ஒரு பானை இருந்தது. அதன் மேல் ஒரே ஒரு டம்ளர். அதையே பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"தண்ணிக்காக வரலண்ணே. அவன் ஆடுன ஆட்டத்தப் பாக்கணும்."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு அந்தக் கேசட்டை எடுத்துச் சொருகினார். அதற்குள் சின்னதாக பேட்டரி உண்டாம். ஆடினவன் எங்கே விட்டானோ அந்த இடத்தை மறக்காமல் வைத்திருக்குமாம். மூன்று பேருடைய ஆட்டத்துக்கு இடம். இரண்டாவது இடத்தில் அண்ணன் பெயரின் முதல் நாலு எழுத்து, இங்கிலீஷில். எனக்கு அந்த அளவுக்குப் படிக்க வரும்.

"இது எந்த ஊரு சாமி?"

"கிரேக்க நாட்டு சாமிக. ஒவ்வொரு தீவுலயும் ஒரு சாமி. கும்புட்டா ஒரு ஆயுதம் குடுக்கும். கடேசியா பாதாளத்துக்குப் போகணும்."

கிரேக்கர்கள் எனக்குத் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் வேதத்தில் வருகிறவர்கள். அவர்களுடைய சிலைகளைப் பற்றி எங்கள் உபதேசியார் ஒரு முழு பிரசங்கம் செய்திருக்கிறார். ஏதோ பெயர் தெரியாத பொம்மையாக இருந்தால் தேவலை என்று நினைத்து வந்தேன். சரியாக அவர்களாகவே இருந்தார்கள்.

கடைக்காரர் பெயரை அமுக்கினார். ஒரு மலை உச்சி வந்தது. முழங்காலுக்கு மேல் நிற்கிற துணி, கையில் கதாயுதம், ஒரு ஆள். அண்ணன் விட்ட இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தோள் ஏறி இறங்கியது.

"கால்ல பாரு. ரெக்க வச்ச செருப்பு. தாவுனா பள்ளத்தத் தாண்டும். அந்தக் கோயில்ல முழங்கால் போட்டாத்தான் இது கெடைக்கும்" என்றார். அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அண்ணன் கெட்டிக்காரன் என்று காட்டுவதாக நினைப்பு.

"வேற யாராச்சும் அவன் பேருல ஆடியிருக்கலாம்ல?"

"அடுத்தவன் பேருல கை வச்சா இங்க மண்டை ஒடஞ்சிரும்."

"இத அழிக்க முடியுமா?"

"முடியும். ஒரே அமுக்கு. அழிக்கட்டா?" அவர் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

"வேண்டாம்ண்ணே!" என்று கத்திவிட்டேன். அந்த ஆள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கரிமூட்டத்திலிருந்து திரும்பியிருந்தாள். வேலிக்கருவை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற வேலை அவளுக்கு. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"போனியா?"

"போனேன். டிவிக்குள்ள வார பொம்மதாம்மா. வேற ஒண்ணுமில்ல."

"பொம்மைக்கு முன்னால முழங்கால் போட்டானா?"

"அவன் போடலம்மா. இங்க அண்ணன் பொத்தான அமுக்குனா உள்ள இருக்க ஆளு போடுவான்."

அம்மா கழுவுவதை நிறுத்தினாள். "அமுக்குனது யாரு கை?"

நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கழுவப் போனேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "நீ என்னமோ மறைக்கே. நானே வாரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அம்மா சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையில் பஸ் ஏறினாள். அண்ணனுடைய சேக்காளியையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் வாசலிலேயே என்னிடம் முணுமுணுத்தார்: "நாந்தான் போடலன்னு சொன்னேன்ல. எதுக்கு இழுத்துட்டு வந்த?"

"நீங்க சொன்னது பொய்யி."

"பொய்யின்னா பொய்யி. ஒங்கம்மாவுக்காகத்தான சொன்னேன்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். "எம்மகன் எப்பிடி ஆடுனானோ அப்பிடியே மொதல்ல இருந்து ஆடுங்க" என்றாள். காலியாக இருந்த மூன்றாவது இடத்தில் சேக்காளி புதிதாகத் தொடங்கினார். அந்த ஆள் செருப்பு இல்லாமல், வெறுங்காலோடு வந்து நின்றான்.

அம்மா கண் இமைக்காமல் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வாயும் திறந்தது.

"எல்லா வீட்டுக்குள்ளயும் நொழையுறானே, கேக்க ஆளில்லையா?"

"அப்பிடித்தாம்மா வழி கேக்கணும்."

"ஆட்டுக்காலோட வாரான் பாரு, இவன் யாரு?"

"எதிரிம்மா. அடிக்கணும்."

"அடி அப்ப. என்ன பாத்துக்கிட்டே இருக்க? முதுகுல குத்துறான் பாரு!"

சேக்காளி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படி எப்போது வரும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி வந்தது. வெள்ளைத் தூண்கள். மேலே அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சேக்காளி எங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா, "ம்" என்றாள். அவர் கீழ்ப் பொத்தானை அமுக்கினார். உள்ளே இருந்தவன் ஒரு காலை மடக்கி, ஒரு காலை ஊன்றித் தலை குனிந்தான். இங்கிலீஷ் எழுத்து வரிசையாக ஓடியது. என்னால் எழுத்துக் கூட்டுவதற்குள் போய்விட்டது. அவன் எழுந்தபோது காலில் செருப்பு இருந்தது.

"இதானா?"

"இதான்ம்மா" என்றேன்.

"இன்னொருக்கா காட்டு."

அவர் இன்னொரு தடவை அமுக்கினார். அம்மா எழுந்துபோய் டிவிக்கு முகத்தை ஒட்டினாற்போல நின்றாள். அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எங்களைப் பார்த்தால் கிறுக்கர்களாகத் தெரிந்தது போலிருக்கிறது அவளுக்கு.

"இதையா முழங்கால்னீக? ஒத்தக் கால மடக்குனா அது செபமா? ரெண்டு காலும்ல தரையில படணும். முள்ளுக் குத்திருச்சு அவனுக்கு. குனிஞ்சு முள்ளு எடுக்கான்."

கடைக்காரர், "இல்லம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வெறுங்கால்ல வாரான். முள்ளுக் காட்டுல வந்தா குத்தாம என்ன செய்யும்? நாங்க நெதமும் இப்பிடித்தான் எடுக்கோம்." அம்மா அங்கேயே, அந்த சிமெண்டுத் தரையில், ஒரு காலை மடக்கி மற்றக் காலில் முள் எடுப்பதுபோல் குனிந்து காட்டினாள். டிவியில் இருந்தவனும் அவளும் ஒரே மாதிரி இருந்தார்கள். "அந்தம்மா பாத்துட்டுப் பாவப்பட்டு செருப்பு குடுத்துருக்கு. இல்லையாய்யா? என்ன சொல்லுது எழுத்துல?"

கடைக்காரர் டிவியைப் பார்த்தார். "செருப்பப் போட்டுட்டு பத்திரமாப் போன்னு போட்டுருக்கும்மா" என்றார்.

அவருக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். சேக்காளி தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா அவர் தலையைத் தொட்டு, "நீயும் காலுக்குப் பாத்துப் போய்யா" என்றாள். பானைத் தண்ணீரைக் கடைக்காரர் மோந்து கொடுத்தார். அம்மா வாங்கிக் குடித்தாள். நான் வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "நெசமாவே முள்ளுத்தான் எடுத்தான்னு நெனைக்கியாம்மா?"

"நீயும் பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"பெறகென்ன?"

முழங்கால் போடணும் என்று அண்ணன் தன் வாயாலேயே சொன்னதை அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். அதை எடுத்துப் பேசலாமா என்று பார்த்தேன். அவள் சன்னல் பக்கம் திரும்பி வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் கொத்தனார் சிமெண்டைப் பூசி மட்டம் தட்டினார். "என்னத்தா, போடவா வேண்டாமா?"

"போடுங்க. பெருசாவே போடுங்க" என்றாள் அம்மா.

ஆணியால் அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கீறினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் முடித்ததும் என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். ஒரு எழுத்தும் விடவில்லையே என்று கேட்டு, திரும்ப வாசிக்கச் சொன்னாள். திரும்பவும் வாசித்தேன். அப்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் செம்மறியாடு பத்திக்கொண்டு போன ஒருவரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"ஏய்யா, ஒங்களுக்கு வாசிக்கத் தெரியுமா? கொஞ்சம் வந்து இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

அவர் கம்பை வேலியில் சாய்த்துவிட்டு வந்தார். ஈரத்தில் நிழல் விழாமல் தள்ளி நின்று, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். அண்ணன் பெயரை வாசித்தார். தேதிகளை வாசித்தார். கடைசி வரிக்கு வரும்போது அவருடைய ஆடுகள் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டன. "போகட்டும், நீங்க வாசிங்க" என்றாள் அம்மா.