வரையாமல் விட்ட வட்டம்

குடும்ப வரைபடம் போடுவதில் என்னை அடிக்க ஆளில்லை என்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். ரத்தப் புற்றுநோய் ஒரு குடும்பத்தில் மரபணு வழியாக இறங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், செத்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, நோய் கண்டவருக்குக் கருப்பு மை. மூன்று தலைமுறையை ஒரு தாளில் அடக்கிவிடுவேன். மற்றவர்கள் அரை நாள் மல்லுக்கட்டியும் வாங்க முடியாத பதிலை நான் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வாங்கிவிடுவேன். எனக்குப் பேச்சு வரும், அதுவும் ஊர்ப்பேச்சு.

நாகலாபுரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். மகனுக்கு ரத்தப் புற்றுநோய். இருபத்து நாலு வயது, கோவில்பட்டியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றும் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். மகள் அவனுக்கு இரண்டு வயது இளையவள், ஜவுளிக் கடையில் வேலை. தகப்பனார் பல வருடத்துக்கு முன்பே லாரியில் அடிபட்டு இறந்துவிட்டார். எனக்கு இடைசெவல் பக்கம் என்று சொன்னதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நம்ம பக்கத்துப் பிள்ளையா? அப்போ எனக்குத் தங்கச்சி முறைதான் தாயி.”

அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா. மகளுக்கு நான் சித்தி.

என் கையில் ஒரு படிவம் இருந்தது. ‘குடும்பத்தில் எவரேனும் இளவயதில் மரணமடைந்துள்ளனரா?’ என்று அதில் ஒரு கேள்வி. நான் அதை நம் பேச்சுக்கு மாற்றிக் கேட்டேன்.

“அக்கா, ஒங்க வீட்டுலயோ அத்தான் வீட்டுலயோ சின்ன வயசுல யாரும் செத்துருக்காவளா?”

“இல்ல தாயி. அப்பிடி யாரும் சாகல. அவிய லாரியில அடிபட்டுப் போனதுதான்.”

‘இல்லை’ என்று எழுதினேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

மகனின் கெட்டுப்போன அணுக்களில் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. இப்படி ஒரு மாற்றம் இரண்டு வழியில் வரலாம். நோயோடு நோயாகப் புதிதாக வந்திருக்கலாம். அல்லது பிறக்கும்போதே அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வந்து, ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கலாம். குடும்பத்தில் வேறு யாரும் இளவயதில் சாகவில்லை என்றால் முதல் வழியைத்தான் நினைப்போம். நானும் நினைத்தேன். ‘நோயோடு வந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டியிருந்தது. தங்கையின் மஜ்ஜை அச்சு அசலாகப் பொருந்தியது. அந்த அம்மா ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அழுதார், சந்தோஷத்தில். பயமாக இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “அண்ணனுக்குத்தான சித்தி, வாளி நெறைய வேணும்னாலும் எடுத்துக்கோங்க” என்றாள். மாற்றினார்கள். உடம்பு ஏற்றுக்கொண்டது. அவன் ஊருக்குப் போய் மறுபடி வேன் எடுத்தான். வேனுக்கு முன்னால் நின்று எடுத்த படம் ஒன்றை எனக்கு அனுப்பினான். அதை நான் ஆய்வகத்தில் எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து நோய் திரும்பியது. திரும்பிய நோயின் அணுக்களை நானே பார்த்தேன். ஆணின் உடம்பிலிருந்து எடுத்த அணுக்கள் அவை. ஆனால் கெட்டுப்போயிருந்த ஒவ்வோர் அணுவும் ஒரு பெண்ணின் உடம்பு அணு. பழைய நோய் திரும்பவில்லை. தங்கை கொடுத்த மஜ்ஜை அவனுக்குள் போய்ப் புதிதாகக் கெட்டிருந்தது. அவள் மஜ்ஜை கொடுப்பதற்கு முன்பு எடுத்து வைத்திருந்த ரத்தத்தைத் தேடி எடுத்துச் சோதித்தேன். அதே மரபணு, அதே எழுத்து. ‘நோயோடு வந்தது’ என்று நான் எழுதியதால், மாற்றுவதற்கு முன்பு அதை அவளிடம் யாரும் தேடவில்லை.

மூன்றாம் மாதம் அவன் இறந்துவிட்டான்.

காரியமெல்லாம் முடிந்தபின் அந்த ஊருக்குப் புறப்பட்டேன். தங்கையிடம் சொல்ல இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, இந்தக் கோளாறு உனக்கும் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்பது. அதைச் சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது, உன் அண்ணனைக் கொன்றது உன் மஜ்ஜையிலிருந்து வந்த நோய் என்பது. அதைச் சொன்னால் அவள் என்ன ஆவாள்? கோவில்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து உண்மையைப் பாதியாக வெட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி நடக்க நடக்க, கரிசல் மண் செருப்பில் அப்பி, கால் எடுத்து வைக்க முடியவில்லை.

வீட்டுக்குள் உட்கார்ந்ததும் எதிரே அலமாரித் தட்டில் ஓர் ஓலைப்பெட்டியைப் பார்த்தேன். மூடி சரியாகப் பொருந்தாமல் பச்சைப் பாவாடை விளிம்பு தெரிந்தது.

“அக்கா, இது யாரு?”

“எங்க வீட்டுக் கன்னி. அவியளுக்கு அக்கா. நான் வாக்கப்பட்டு வரதுக்கு முன்னயே போயிட்டா. பதினோரு வயசாம். காய்ச்சல் விடாம அடிச்சு, ஈறுல ரத்தமா வந்துச்சாம்.”

ரத்தப் புற்றுநோயின் அடையாளங்கள் அவை. “அன்னைக்கு யாரும் சாகலன்னு சொன்னீங்களே அக்கா.”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “அவ எங்க செத்தா? இந்தா, இங்கனதான இருக்கா. தெய்வத்தப் போயி செத்தவன்னு சொல்லுவாகளா?”

அவர் பொய் சொல்லவில்லை. கல்யாணமாகாமல் இறந்த பெண் எங்கள் பக்கத்தில் செத்தவள் கணக்கில் வரமாட்டாள். அவள் பெயரில் வருடா வருடம் புதுத்துணி எடுத்துப் பெட்டியில் வைப்பார்கள். வீட்டில் எந்த நல்ல காரியமும் அவளைக் கும்பிட்டுத்தான் தொடங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு கன்னி உண்டு, கிணற்றில் விழுந்து இறந்த என் அத்தை. நான் படித்து வாங்கிய மார்க்கையெல்லாம் அவள் போட்ட மார்க் என்றுதான் அம்மா இன்றும் சொல்லுவாள். ‘ஒங்க வீட்டுல கன்னி உண்டா அக்கா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழனிப் பானையில் துள்ளி விழுந்ததாம். எனக்கு என் மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்தப் பதினோரு வயதுப் பிள்ளை நான் போடும் ஒவ்வொரு குடும்ப வரைபடத்துக்கும் வெளியே வந்து நிற்கிறாள். அவளை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

முதல் விஷயத்தைச் சொன்னேன். மகள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் நிதானமாகக் கேட்டாள்.

“சித்தி, மாத்துனதுக்குப் பெறகு அண்ணன் ரத்த குரூப்பு என் குரூப்பா மாறிப்போச்சுன்னு டாக்டர் சொன்னாக. அப்போ ரெண்டாவது வந்த சீக்கு எந்த ரத்தத்துல வந்துச்சு?”

பஸ்ஸில் வெட்டிப் பார்த்த பாதி எதற்கும் உதவவில்லை. அவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“உன் ரத்தத்துலதான்” என்றேன். “ஆனா தப்பு உன்னுது இல்ல. நான் கேக்க வேண்டியதக் கேக்கல. நான் எழுதுனது தப்பு.”

“ஏட்டி, என்ன சொல்லுதாக?” என்றார் தாய். மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, “சோறு ஆயிருச்சு சித்தி, சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள். சாப்பிட்டேன். அவளே பரிமாறினாள்.

ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. கூப்பிட்டால் போனை எடுப்பாள், நன்றாக இருப்பதாகச் சொல்லுவாள், கடையில் வேலை அதிகம் என்பாள். இரண்டு முறை நேரில் போனேன், வீடு பூட்டியிருந்தது. போன வாரம் மறுபடி கூப்பிட்டேன். நீ இங்கே வரவே வேண்டாம், கோவில்பட்டிக்கு வா, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், ஒரு சின்னக் குழாய் ரத்தம், ஐந்து நிமிடம் என்று கெஞ்சினேன். கடைக்குள் யாரோ சேலை விலை கேட்பது கேட்டது. அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஒருக்க குடுத்தது போதும் சித்தி” என்றாள்.