ஹாப்லுவின் லாரி நம்பர்

“சி எல்லாம் உனக்கு வராது. ஃபோன் எடுக்கிற வேலையும் நல்ல வேலைதான். யோசிச்சுச் சொல்லு.”

என் மேலதிகாரி சுப்ரதோதா இதை வங்க மொழியில்தான் சொன்னார். தமிழில் எழுதும்போது கொஞ்சம் மரியாதை ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் சொன்னது இதைவிட மொட்டையாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிவிட்டு, வெளியே வந்து ஜால்முரி சாப்பிட்டேன். பொரியைக் கட்டிக் கொடுத்த காகிதப் பொட்டலத்தின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள். பழைய புள்ளி அச்சு எந்திரத்தின் காகிதம். யாரோ பள்ளிப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் அதில் மங்கலாக இருந்தது. கடுகெண்ணெய் வாசனைக்கு அடியில் ரிப்பன் மையின் வாசனை இருந்ததாக எனக்குத் தோன்றியது. இருந்திருக்காது. ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கிடர்பூரில் நான் முதல் நாள் ஏறிய எங்கள் அலுவலக மாடிப்படி ஞாபகம் வந்துவிட்டது. ஏழாவது படி உடைந்திருக்கும். புதிதாக வருபவர்கள் அதில் தடுக்குவார்கள். நான் முதல் நாளே தடுக்கி, நேராக சுப்ரதோதாவின் மேசைக்கு முன்னால்தான் போய் நின்றேன்.

கணினிக்குக் கட்டளை எழுதும் பழைய மொழி சி. கறுப்புத் திரையில் பெயரைத் தட்டினால் ஓடுகிற சின்னச் சின்ன நிரல்களை எங்கள் அலுவலகம் அதில் எழுதி வைத்திருந்தது. கப்பல் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் லாரிகளுக்குத் துறைமுக வாயிலில் கொடுக்கும் சீட்டை அச்சடிக்கும் நிரல் அவற்றில் ஒன்று. பெரிய அறிவியல் ஒன்றும் இல்லை. லாரி எண்ணும் ஓட்டுநர் பெயரும் கொடுத்தால் சீட்டு வரும். அவ்வளவுதான்.

எனக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடியும்போது சுப்ரதோதா கையெழுத்துப் போட்டால் நிரல் எழுதும் இருக்கை எனக்கு. போடாவிட்டால் கீழ்த்தளத்தில் ஃபோன். ஃபோன் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா லேக் மார்க்கெட் டிபன் கடைகளுக்கு மாவு அரைத்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். நான் படித்தது என்ன வேலைக்கு என்று யாரோ ஒருவர் எனக்காக முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைக்கும் முடியாது.

ஐந்து மாதம் ஓடியிருந்தது. வாயில் சீட்டில் அவ்வப்போது லாரி எண் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சில நாள் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறி ஒன்று மட்டும் இருக்கும். எண் இல்லாத சீட்டோடு வரும் லாரியைக் காவலர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த லாரி திரும்ப இடமில்லாமல் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். பிறகு ஹாரன்.

“மிதாலி அடிக்க மறந்திருப்பா” என்றார் சுப்ரதோதா. மிதாலிதி வாயில் சாளரத்தில் உட்கார்ந்து பெயரும் எண்ணும் தட்டுபவள். வங்காளிகள் அண்ணனை தாதா என்றும், பெயரோடு ஒட்டி தா என்றும், அக்காவை தி என்றும் கூப்பிடுவார்கள். நாங்கள் மூவரும் சேர்ந்திருந்த ஒரு நாள் அவள் இதை நேரிலேயே கேட்டுவிட்டாள்.

“மறக்கறதுக்கு நான் என்ன கிழவியா? பன்னண்டு வருஷமா அடிக்கிறேன் தாதா. உங்க நிரல்தான் மறக்குது.”

“நிரலுக்கு ஞாபக மறதி கிடையாது மிதாலி.”

“அப்ப அதுக்கு உங்களை மாதிரி திமிரு.”

சுப்ரதோதா சிரிக்கவில்லை. நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை என் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டினார். ‘தவறு ஏதும் இல்லை’ என்று வந்தது. “பாத்தியா? போய் ஃபோன் எடுக்கப் பழகு” என்றார். கருவி பொய் சொல்லாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். நிரலை எத்தனை முறை ஓட்டினாலும் எனக்குச் சரியாகவே வந்தது. நான் கொடுத்த பெயர்கள் ராம், ஷ்யாம், டெஸ்ட். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துக்கு மேல் பெயர் வைத்துக்கொள்ளாத ஓட்டுநர்கள்!

மறுநாள் வேலைக்குப் போகாமல் வாயிலுக்குப் போனேன். வாயில் என்றால் எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் மாடியில் நிரல் எழுதிய யாரும் அதுவரை அங்கே போனதில்லை. சாளரத்துக்குப் பக்கத்தில், டீசல் புகையில், ஒரு மண்குவளை டீயோடு நின்றேன். காவலர் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“பஞ்சானன் நஸ்கர்!”

யாரும் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். டீக்கடைப் பெஞ்சில் இருந்த நாலு பேர் யார் அந்தப் பெரிய மனிதர் என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காவலர் சீட்டை மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

“ஏய் ஹாப்லு!”

பெஞ்சில் இருந்த ஒருவர் குவளையை எறிந்துவிட்டு ஓடினார்.

நீங்கள் கொல்கத்தாவில் இருந்ததில்லை என்றால் இதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். சான்றிதழில் இருப்பது நல்ல பெயர். வீட்டிலும் தெருவிலும் கூப்பிடுவது வேறு. அதற்கு அர்த்தம் எதுவும் தேவையில்லை. எங்கள் தெரு மாஷிமா, அதாவது சித்தி ஒருவர் எனக்குக்கூட புச்கி என்று வைத்துவிட்டார். நான் கணினிப் பட்டம் வாங்கிய அன்றும் தெரு முழுக்க, “புச்கி பாஸாயிட்டா” என்றுதான் பேச்சு. வாயிலில் நல்ல பெயருக்கு ஒருவரும் திரும்புவதில்லை என்று கண்ட மிதாலிதி, கூப்பிடு பெயரையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தாள். நல்ல யோசனை. அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆங்கில எழுத்தில் பஞ்சானன் நஸ்கர், ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் ஹாப்லு. விரல் விட்டு எண்ணினேன். இருபத்துநாலு. ஹாப்லு கையில் வைத்திருந்த சீட்டில் லாரி எண் இல்லை.

அலுவலக மாடிக்கு ஓடினேன். ஏழாவது படியில் தடுக்கினேன், பரவாயில்லை. நிரலில் பெயருக்கு ஒதுக்கிய இடம் இருபத்துநாலு. அதற்கு ஒட்டினாற்போல் அடுத்த இடம் லாரி எண்ணுக்கு. சி மொழியில் பெயர் முடிந்தது என்று சொல்ல ஒரு சுழியம் கடைசியில் உட்கார வேண்டும். அதற்கும் ஓர் இடம் தேவை. புறநகர் ரயிலில் மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆள் வந்து, “கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க தாதா” என்பாரே, அதுபோல. ரயிலில் கேட்டுவிட்டாவது உட்காருவார்கள். இந்தச் சுழியம் கேட்காமல் பக்கத்துப் பெஞ்சில், லாரி எண்ணின் முதல் எழுத்தின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டது. முதல் இடத்திலேயே ‘முடிந்தது’ என்று இருந்தால் அச்சு எந்திரம் என்ன செய்யும்? ஒன்றும் அடிக்காது. பெயர் இன்னும் ஓர் எழுத்து நீண்டால் அடைப்புக்குறியும் அங்கே போய்விடும்.

கருவி ஏன் காட்டவில்லை? இரண்டு இடங்களும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். கருவி அந்த வீட்டின் வாசலில் நிற்கும் காவல்காரர். வீட்டை விட்டு வெளியே போனால்தான் பிடிப்பார். உள்ளே யார் யாருடைய கட்டிலில் படுத்தாலும் அவருக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நான் இன்னும் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை.

பெயர் இடத்துக்கு மேலேயே நிரலில் ஒரு குறிப்பும் இருந்தது. ‘பதினாறை இருபத்துநாலு ஆக்கியாயிற்று. இனி வராது.’ கீழே சுப்ரதோதாவின் பெயர்.

அவரிடம் காட்டினேன். தன் குறிப்பை ஒருமுறை படித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து என் தகுதிகாண் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“சரி. நாப்பது ஆக்கு. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். நினைத்துப் பாருங்கள், ஐந்து மாதம் நான் காத்துக்கொண்டிருந்தது அந்தப் பேனாவுக்குத்தான்.

“ஆக்க மாட்டேன் தாதா.”

“என்னது?”

“பதினாறுலயும் இதத்தான் சொன்னீங்க. இடத்தப் பெருசாக்கினா ஜனங்க அதுக்கும் மேல எழுதுவாங்க. நாளைக்கு மிதாலிதி கிளீனர் பேரையும் சேர்ப்பாங்க. அளந்துட்டுத்தான் நகலெடுக்கணும். கூப்பிடற பேருக்குத் தனி இடம் வேணும். இந்த மாதிரி அளக்காம நகலெடுக்கிற இடம் நம்ம நிரல்கள்ல நாப்பத்தொண்ணு இருக்கு. எண்ணிட்டேன்.”

“நாப்பத்தொண்ணையும் நீ மாத்துவியா? மூணு வாரத்துல?”

“மாத்துவேன்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா ஃபோன் எடுக்கறேன்.”

அவர் விசைப்பலகையை என் பக்கம் திருப்பி, அவருடைய முழுப்பெயரையே அடித்தேன். சுப்ரதோ கங்கோபாத்யாய். அடைப்புக்குறிக்குள் கோபு. அவருடைய கூப்பிடு பெயரை மிதாலிதிதான் சொல்லிக் கொடுத்திருந்தாள். அச்சு எந்திரம் கரகரவென்று அடித்துத் துப்பியது. பெயரெல்லாம் சரி. லாரி எண்: பு, ஓர் அடைப்புக்குறி.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் படிவத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

மூன்று வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அம்மா, “அந்தப் பொட்டிக்குள்ளயே போய்ப் படுத்துக்கோ” என்றாள். ஒன்பது இடங்களில் நானே புதிய தவறு செய்து, நானே திருத்தினேன். சுழியத்துக்கு இடம் விட மறந்ததும் அதில் சேர்த்தி, இத்தனை பேசிவிட்டு! கடைசி நாளுக்கு முந்தைய நாள் மதியம், நாற்பத்தொன்றையும் முடித்து வாயில் கணினியில் ஏற்றினேன். மிதாலிதி தன் வாழ்நாளிலேயே நீளமான பெயர் ஒன்றைக் கற்பனை செய்து அடித்தாள். ‘பெயர் நீளம், சுருக்கவும்’ என்று திரையில் வந்தது. “அட, வாயத் தொறந்து பேசுதே!” என்றாள்.

சுப்ரதோதா கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற இடத்தில் மட்டும் ‘பிடிவாதம் அதிகம்’ என்று எழுதினார். அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

“பிடிவாதம்னா எழுதிக் குடுத்திருக்காரு?”

“ஆமாப்பா.”

“ஆபீசுல முத்திரை குத்தித்தானே குடுத்திருக்காங்க? பத்திரமா வைம்மா.”

இப்போது அந்த வாயிலில் சீட்டு கிடையாது. ஓட்டுநர் கைபேசியை நீட்டினால் தடுப்புக்கம்பு தானாகத் தூக்கிக்கொள்கிறது. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. சாளரத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மிதாலிதி பாராசாத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அந்த நிரல்களை நிறுத்திவிட்டார்கள். நான் திருத்திய நாற்பத்தொரு இடங்களும் இனி எங்கேயும் ஓடாது. வருத்தமா என்றால், இல்லை. அவை ஓடிய காலத்தில் எண் இல்லையென்று ஒரு லாரியையும் காவலர் திருப்பி அனுப்பவில்லை.

சுப்ரதோதா இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு ஆள் வேண்டுமென்று எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பத்து வருட அனுபவம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஆறு. விண்ணப்பத்தில் ஆறு என்றே எழுதி, நேற்று காலை அவர் மேசையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.