வாய்க்காலில் முக்கிய துணிகள்

ஞாயிறு சந்தையில் விற்பதற்காக மூட்டையைப் பிரித்தேன். புதுச் சட்டைகளிலிருந்து எழுந்த சாய நெடி, எந்த ஊரில் அலைந்தாலும் என்னை முதலியார்பேட்டையில் துணி மில்லுக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலுக்கே கொண்டுபோய்விடுகிறது. இப்போது அதை மூடி மேலே வீடு கட்டிவிட்டார்கள். அன்று சாயக் கழிவு ஆவி பறக்க வரும், ஒருநாள் சிவப்பு, ஒருநாள் நீலம். வெளுத்துப்போன எங்கள் துணிகளை அம்மா முழங்கால் நீரில் இறங்கி முக்கி எடுப்பாள், புதுசு வாங்காமல் இன்னொரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று. அக்கம்பக்கத்திலும் அப்படித்தான் என்பதால், ஞாயிறன்று சர்ச் பூசையில் எங்கள் தெருவே ஒரே நிறத்தில் உட்கார்ந்திருக்கும்.

"என்னாடி மேரி, இந்த வாரம் மில்லுல செவப்பா?" என்று மற்ற தெருப் பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

"உங்களுக்குப் பொறாமடி" என்பாள் அம்மா.

பிறகு அவள் கால்கள் கொப்பளித்து, ஆறாமல் நீர் வடிந்தன. நடக்க முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"மில்லுல சாய வேலையாம்மா?" என்றார் டாக்டர்.

"மில்லுல எனக்கு யாருங்க வேல குடுத்தா? வாய்க்கால்ல துணி முக்குவேன், அவ்ளோதான்."

"இனிமே அந்தத் தண்ணியில கால் வைக்காதீங்க. நல்ல தண்ணியில கழுவிட்டு மருந்து போடுங்க."

அம்மா அதன்பின் வாய்க்காலில் இறங்கவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும், அவள் கால் கழுவக் கொல்லைக் கிணற்றில் ஒரு வாளி இறைத்தேன். நாங்கள் குடிப்பதும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். வெயிலில் வைத்துப் பார்த்தபோது அது லேசான நீலமாக இருந்தது.