சும்மா இருக்கிற மீன்

கூரைக்குக் கீழிருந்து என் மகனின் குரல் முதல் தடவை வந்தபோது நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். "அம்மா, அந்த மீன் செத்துப்போச்சுங்களா?" என்று கேட்டான். அவன் இருப்பது பெங்களூரில். நான் இருப்பது துடியலூரில். சீப்பு கை நழுவிக் கீழே விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் காலண்டருக்கு மேலே அந்தக் கேமரா. முந்தின வாரம் ஒரு ஆள் ஏணி போட்டு மாட்டிவிட்டுப் போனது. முட்டை அளவுதான் இருக்கும். அது பார்க்கும் என்று தெரியும். பேசும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மீன் சாகவில்லை. தொட்டிக்குள்ளே இலை மேல் சாய்ந்து படுத்திருந்தது, அவ்வளவுதான்.

மீனும் கேமராவும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வந்தன. வீட்டுக்குள் ஓர் உயிர் அசைந்துகொண்டே இருந்தால் எனக்குப் பொழுது போகும் என்று மகன் மீனை வாங்கினான். நான் அசைந்துகொண்டே இருந்தால் அவனுக்கு நிம்மதி என்று கேமராவை வாங்கினான். ரொம்ப நேரம் இங்கே ஒன்றும் அசையவில்லை என்றால் அவனுடைய போனுக்குச் செய்தி போய்விடுமாம்.

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுடைய அப்பா போனது ஒரு பகல் நேரத்தில். நான் மில்லில் இருந்தேன், அவன் காலேஜில் இருந்தான். குளியலறையில் விழுந்தவரைச் சாயங்காலம் வந்துதான் பார்த்தோம். அது அவன் மனதை விட்டு இன்னும் போகவில்லை. அதனால் கேமராவை மாட்டும்போது நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் எனக்கு யார் பார்வையும் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது மற்றப் பிள்ளைகள் அழுதார்கள். இனிமேல் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று நான் சந்தோஷப்பட்டேன். கல்யாண போட்டோவில்கூட என் முகம் பாதிதான் தெரியும். என் வீடு ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு. கட்டில் ஹாலில்தான் கிடக்கிறது. கேமரா வந்த பிறகு ஈரத் தரையில் நின்று குளியலறைக்குள்ளேயே சேலை கட்ட ஆரம்பித்தேன். கொசுவம் நனைந்துபோகும். நனைந்த கொசுவத்தோடு வெளியே வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி அந்த முட்டைக்குக் கீழே நடந்துபோவேன்.

மீன் செத்துப்போச்சா என்று மகன் கேட்டதில் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மேட்டுப்பாளையம் ரோட்டில் அதை வாங்கின கடைக்கே போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். இது ஃபைட்டர் மீன், மற்ற மீன் மாதிரி நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருக்காது, கொஞ்சம் நீந்தும், கொஞ்சம் படுக்கும், அப்பப்போ மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் என்றார். "தின்னுதுங்களா?" என்று கேட்டார். தின்னுது என்றேன். "அப்ப அது நல்லாத்தான் இருக்குதுங்கம்மா. அதும் பாட்டுக்கு உடுங்க." தின்னாமல், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நிறம் வெளுத்து, ஒருக்களித்துக் கிடந்தால்தான் வரச் சொன்னார். தண்ணீர் சில்லென்று இருந்தாலும் சோர்ந்துபோகுமாம், ஃபேன் காற்று படாத இடத்தில் வைக்கச் சொன்னார். தெருமுனை வாதுமை மரத்திலிருந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடச் சொன்னதும் அவர்தான். இலை ஊறித் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. அதற்கும் கூரையிலிருந்து குரல் வந்தது, தண்ணியை மாத்துங்கம்மா என்று. மாற்றவில்லை.

அதற்கப்புறம் நான் அந்த மீனைச் சரியாகக் கவனிக்க ஆரம்பித்தேன். கத்தரிப்பூ நிறம். வாலில் சிவப்புக் கரை. காலையில் தீனி டப்பாவை எடுத்தால் கண்ணாடி ஓரமாக மேலும் கீழும் ஆடிக்கொண்டு வரும். உச்சி வெயிலில் இலை மேல் படுத்துவிடும். சாயங்காலம் டியூப் லைட் போட்டதும் கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்துவிட்டுச் செவுளை விரித்துக்கொண்டு முறைக்கும். எதிராளி ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்ததும் தானே அடங்கித் திரும்பிப்போகும். பக்கத்தில் இன்னொரு மீனை விட்டால் கிழித்துவிடுமாம். தனியாக இருந்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது.

மத்தியானம் அது இலை மேல் கிடக்க, நான் எதிரே சேரில் உட்கார்ந்திருப்பேன். ரெண்டு பேரும் அசைய மாட்டோம். மில்லில் இருந்த காலமெல்லாம் மெஷின் ஓரமாக நடந்துகொண்டே இருந்தவள் நான். கொஞ்சம் நின்றால் மேஸ்திரி வந்து "கை சும்மா இருக்குதே" என்பான். அந்தச் சும்மாவுக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன் என்று அந்தச் சேரில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் மாதாந்திரக் கரண்ட் கட். கேமரா அணைந்துவிட்டது. என் போனும் சார்ஜ் இல்லாமல் செத்துக்கிடந்தது. நான் தெரியாமல் சேரிலேயே கண்ணசந்துவிட்டேன். கதவை உடைக்கிற மாதிரி சத்தம் கேட்டு எழுந்து திறந்தால் பாதித் தெரு வாசலில் நிற்கிறது. ஒருத்தர் கையில் கடப்பாரை. பக்கத்து வீட்டுப் பெண் என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மகன் எல்லோருக்கும் போன் போட்டிருக்கிறான். "ஒன்னுமில்லீங்க, தூங்கிட்டனுங்க" என்று அத்தனை பேர் முன்னால் நின்று சொன்னேன். மயிர் கலைந்து, சேலை விலகி. கதவைச் சாத்தின பிறகும் ரொம்ப நேரம் முகம் சுட்டது.

அந்த வாரமே மகன் காரில் வந்து இறங்கினான். மலையடிவாரத்தில் வயசானவங்களுக்கென்றே கட்டின குடியிருப்பு ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்று கூட்டிப்போனான். நல்ல இடம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மரமெல்லாம் இருந்தது. சுற்றிக் காட்டிய பெண்ணும் பிரியமாகத்தான் பேசினாள். காலையில் எல்லோரும் வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிக்கிற பயிற்சி, அப்புறம் கேரம், அப்புறம் பாட்டு. பிறந்தநாள் வந்தால் மேடையில் ஏற்றி மாலை போடுவார்களாம். "இங்க யாரையும் சும்மா உக்கார உடமாட்டோம்ங்கம்மா" என்று பெருமையாகச் சொன்னாள்.

வரவேற்பறையில் பெரிய மீன் தொட்டி இருந்தது. கோடு போட்ட பொடி மீன்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. மகன் என் காதருகே குனிந்து, உங்க மீனையும் இதிலேயே விட்டுக்கலாம், அதுக்கும் துணையாச்சு என்றான். பொழுது சாய்வதற்குள் என் மீனின் வால் அதில் நாராகிப்போகும். இல்லாவிட்டால் அதுகள் நாராகும்.

அந்நியர் முன்னால் நானாக வாயைத் திறந்து பேசியதே இல்லை. அன்றைக்குத் திறந்தேன். "எனக்குச் சும்மா உக்காரத்தானுங்க வேணும்" என்றேன். அந்தப் பெண் நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். போகப் போகப் பழகிடும் என்றாள். மேஸ்திரி இவளை விட எவ்வளவோ மேல். அவன் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் தொட்டியருகே போய் நின்றான். தண்ணீருக்கு மேலே ஒரு மூலையில் பொடிப்பொடியாக நுரை கட்டியிருந்தது. சோப்புத் தண்ணி பட்டுப்போச்சு போல என்று சொல்லிக்கொண்டே, நான் தடுப்பதற்குள் துணியால் துடைத்து எடுத்துவிட்டான். மீன் சரேலென்று மேலே வந்தது. செவுள் ரெண்டும் குடை மாதிரி விரிந்து நிற்க, அவன் விரலுக்கு நேராகப் பாய்ந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டு சிரித்தான். "பாருங்கம்மா, இப்பத்தான் சுறுசுறுப்பா இருக்குது."

"அது சுறுசுறுப்பு இல்ல கண்ணு, கோவம். அது கட்டுன ஊட்டை நீ கலைச்சுப்போட்டே" என்றேன்.

அவனுக்கு அது தெரியாது. ஆண் மீன் குஞ்சுக்காக வாயால் ஊதி ஊதிக் கட்டுகிற கூடு அது. பெட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டும். அவன் துணியை மடித்துத் தொட்டிப் பக்கத்தில் வைத்தான். பிறகு, அந்த இடத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டான்.

"நான் வரமாட்டேன்."

"இங்க தனியா உளுந்துட்டீங்கன்னா?"

"உளுந்தா எந்திரிப்பேன். முடியிலீன்னா கெடப்பேன். அதுக்காக உளுகறதுக்கு முன்னாடியே என்னையத் தொட்டிக்குள்ள போடாத சாமி. இது என்ற ஊடு. இதுல நான் சும்மா உக்காந்திருப்பேன்."

அவன் "அப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அது நியாயமான பயம். ஆனால் அவன் பயத்துக்காக நான் நாள் முழுக்க நடந்து காட்ட முடியாது.

ஸ்டூலைக் கொண்டுவந்து காலண்டருக்குக் கீழே போட்டேன். கேமராவைத் தொட்டி பக்கம் திருப்பச் சொன்னேன். அவன் அசையவில்லை. "நீ திருப்பலீன்னா நான் ஏறித் திருப்புவேன்" என்று ஒரு காலை ஸ்டூலில் வைத்தேன். என் முழங்கால் எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். அவனே ஏறினான்.

காலையில் தீனி போட என் கை தொட்டிக்கு மேலே வரும். ராத்திரி மூடியைப் போடவும் வரும். அதைப் பார்த்துக்கொள், கை வராத அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன் போடு, கடப்பாரை வேண்டாம், சாவி அவளிடம் கொடுத்து வைக்கிறேன் என்றேன். அவன் ஸ்டூல் மேலேயே நின்று, தொட்டி சரியாகத் தெரிகிறதா என்று போனில் பார்த்தான். பிறகு, தீனி போடுகிற நேரத்தை மட்டும் மாத்தாதீங்க என்றான். சரி என்றேன்.

அவன் ஊருக்குப் போன மறுநாளே மீன் அதே மூலையில் நுரை கட்ட ஆரம்பித்தது. முந்தினதை விடப் பெரிதாகக் கட்டியது.

இப்போது மருமகளும் பெங்களூரிலிருந்து போன் பண்ணுகிறாள். "அத்தை, மீன் படுத்தே கெடக்குதுங்களே" என்பாள். படுத்திருக்கட்டும், அது அப்படித்தான் என்பேன். வெள்ளிக்கிழமை மீனுக்குப் பட்டினி போடுவது நல்லது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வெறும் கையைத் தொட்டிக்கு மேலே கொண்டுபோய்க் காட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறேன். மீன் மேலே வந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முறைக்கும்.

சேலையை ஹாலில்தான் கட்டுகிறேன். கொசுவம் நனைவதில்லை.

இதை எழுதுகிற இந்த மத்தியானம் மீன் இலை மேல் கிடக்கிறது. என் சேர் கேமரா பார்க்காத பக்கத்தில் இருக்கிறது. எதுவும் அசையவில்லை என்று பெங்களூருக்குச் செய்தி போயிருக்கும். போகட்டும்.